காலிக் கம்பி

மாதச் சந்தா எழுநூறு.
தூக்கக் கூலி வாங்கியவன்
தூக்குவதற்குப் பணம் கட்டுகிறேன்.

ரசீது கிழிக்கும்போது ஜெகபர் கேட்டான்,
"அண்ணே, முன்னாடி வெயிட் ஏதும் தூக்கியிருக்கீங்களா?"
கொள்முதல் நிலையத்தில் பதினோரு வருஷம்.
சிப்பம் நாற்பது கிலோ.
லாரி நிறையும்வரை கணக்கில்லை.
"கொஞ்சம்" என்றேன்.

திருத்துறைப்பூண்டியில் உரக்கடை மாடி.
பூச்சிமருந்து வாசம் நமக்கு முன்னால் படியேறி வந்துவிடும்.
முதல் நாள் காலிக் கம்பி மட்டும்,
இருபது கிலோ.
அரைச் சிப்பம்.
ஆறாவது தடவை கை நடுங்கியது.
பக்கத்தில் பாலிடெக்னிக் பையன்
எண்பதை இறக்கிவிட்டு போனைப் பார்த்துச் சிரிக்கிறான்.
என்னைப் பார்த்து இல்லை என்று
இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

முதுகுக்கென்றுதான் முதல் மாத்திரை.
சுமைக்காரன் முதுகு, யார் குறை சொல்வார்?
பிறகு முதுகு வலிக்காத நாளுக்கும் ஒன்று.
பிறகு பொடித்து, கரைத்து
அதற்கு மேல் எழுதினால் கை ஊறும்.
விடுகிறேன்.

விட்டு இருபத்தாறு மாதம்.
விட்டால் எல்லாம் திரும்பும் என்றார்கள்.
பசி திரும்பியது. கடன்காரர்கள் திரும்பினார்கள்.
மத்தியானமெல்லாம் தூக்கம்,
தாடையில் பாதி மயிர்,
ராத்திரி தையல்நாயகி பக்கம்
திரும்பிப் படுக்கவும் தோன்றாத உடம்பு.
அவள் அதை என்னவாக எடுத்துக்கொண்டாள் என்று
கேட்கவில்லை.

தஞ்சாவூர் டாக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.
நூற்று அறுபத்தெட்டு.
"முந்நூறாவது இருக்கணும்.
மாத்திரை இதையும் தின்னுருக்கு.
மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்."

ஊசி என்ற சொல் விழுந்ததும்
இடது முழங்கை விரிந்தது.
நான் விரிக்கவில்லை. அது.
அவர் பார்த்துவிட்டார்.
"கையில குடுக்க மாட்டேன்.
ஆஸ்பத்திரிக்கு வந்துதான் போட்டுக்கணும்."
அதுதான் சரி என்றேன்,
யாருக்கோ பரிந்து பேசுகிறவன் மாதிரி.

மருந்துக்கடை வைத்தியலிங்கம்
சீட்டை மூன்று தடவை படித்தார்.
என் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டார்.
பின்னால் வரிசை நின்றது.
எனக்குக் கோபமில்லை.
அன்றைக்கும் அவர் இல்லையென்றுதான் சொன்னார்.
நான்தான் மன்னார்குடிக்கு பஸ் ஏறினேன்.

எண்ணெய் மருந்து. நரம்புக்கு இல்லை, சதைக்கு.
சிஸ்டர் மெல்ல அழுத்துகிறாள்.
உடம்பு பழைய வெள்ளத்துக்குக் காத்திருக்கிறது.
முட்டாள் உடம்பு.
மேட்டூர் திறந்த அன்றைக்கே
கடைமடையில் தண்ணீர் கண்டவன் உண்டா?
வெடிப்பெல்லாம் குடித்து, நண்டு வளையெல்லாம் குடித்து,
வராது என்று எல்லாரும் சொல்லி முடித்த பிறகு
ஒரு விடியலில் மதகோரம்
செத்தை நகரும்.
அவ்வளவுதான் அறிவிப்பு.

"முதுகால இழுக்காதீங்கண்ணே.
காலால தரையத் தள்ளுங்க."
தரையைத் தள்ளினேன்.
கம்பி தானாக வந்தது.
பதினோரு வருஷம் என் தலையில் சிப்பம் ஏற்றியவர்கள்
ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை.
அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டீக்கடையில் அமிர்தகடேசன்,
"ஊசி போட்டு உடம்பு ஏத்துறியாமே?"
ஆமாம் என்றேன்.
அவனுக்கு அடுத்த கேள்வி கைவசம் இல்லை.

மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தம் பார்க்கணும்,
கெட்டியாகிவிடக் கூடாதாம்.
லேப் பெண் இரண்டு கையிலும் தேடினாள்,
தட்டினாள், கட்டினாள், உதட்டைக் கடித்தாள்.
"இதுல பாரும்மா" என்று
வலது புறங்கையைக் காட்டினேன்.
ஒன்றே ஒன்று மிச்சம் வைத்திருந்தேன்.
எதற்கென்று அப்போது தெரியாது.
எப்படித் தெரியும் என்று அவளும் கேட்கவில்லை.

இப்போது முப்பத்தைந்து.
ஒரு சிப்பத்துக்கு ஐந்து குறைவு.
நாற்பதைத் தூக்கும் நாளில்
கூலிக்குக் கை நீளுமோ என்று பயமாகக்கூட இருக்கிறது.

ஜிம் பையை தினமும் தையல்நாயகி பிரித்துப் பார்ப்பாள்.
துண்டு, பாட்டில், வாழைப்பழத் தோல்.
கடைசியாகப் பக்கவாட்டு ஜிப்.
பேசாமல் பார்ப்பாள், பேசாமல் மூடுவாள்.
நேற்று ஜிப்பை மறந்துவிட்டு
உலை வைக்கப் போனாள்.

நானே அதைத் திறந்து
அவள் கண்ணில் படும்படி வைத்தேன்.